காரின் டச் ஸ்கிரீன் பழுதானால் பொறுப்பு யாருக்கு?

கேள்வி: கருங்கல் பக்கம் வசிக்கிறேன். 19 மாதங்களுக்கு முன் திருவனந்தபுரத்து ஷோரூம் ஒன்றில் 13.4 லட்சம் ரூபாய்க்குக் கார் எடுத்தேன். பேர்போன ஒரு ஆடியோ கம்பெனியின் ஸ்பீக்கர்களும் 10 அங்குல டச் ஸ்கிரீனும் அதில் வந்தன. ஏழாவது மாதத்திலிருந்து, வெயிலில் நிறுத்திவிட்டு எடுத்தால் திரையில் லோகோ வந்து வந்து அணைகிறது. ரிவர்ஸ் கேமராவும் அந்தத் திரையில்தான். நான்கு முறை சர்வீசுக்கு விட்டும் சரியாகவில்லை. இப்போது, "அது ஆடியோ கம்பெனி சாமான், வாரன்டி ஒரு வருடம்தான், உப்புக்காற்றில் போர்டு போய்விட்டது, புதிது போட 82,000 ஆகும்" என்கிறார்கள். காரையே மாற்றித் தரச் சொல்லலாமா? வழக்கைக் கேரளத்தில்தான் போட வேண்டுமா?

பதில்: வேண்டாம், நாகர்கோவிலிலேயே போடலாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-வது பிரிவு, புகார்தாரர் குடியிருக்கும் இடத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்க அனுமதிக்கிறது. 1986-ம் ஆண்டின் பழைய சட்டத்தில் இந்த வசதி இல்லை. களியக்காவிளை தாண்டிக் கார் எடுக்கும் நம் மாவட்டத்துக்காரர்கள் பலருக்கு இது தெரியாததால், எல்லைக்கு அப்பால் போய் அலைய முடியாதென்று புகாரையே விட்டுவிடுகிறார்கள்.

அடுத்து, "ஆடியோ கம்பெனியிடம் கேளுங்கள்" என்ற பதில். இது செல்லாது. ஸ்பீக்கர் வலையில் ஒரு பெயர் இருக்கும், அதன் பின்னால் இன்னொரு முதலாளி இருப்பார். ஜே.பி.எல்., இன்ஃபினிட்டி பெயர்களை வைத்திருக்கும் ஹர்மன் நிறுவனத்தை 2017-ல் சாம்சங் வாங்கிவிட்டது. இந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போவது உங்கள் வேலையல்ல. பிறர் செய்த பாகங்களைச் சேர்த்துப் பொருத்துபவரும் உற்பத்தியாளரே, பிறர் செய்த பொருளில் தன் முத்திரையைப் பதிப்பவரும் உற்பத்தியாளரே என்று 2(24) பிரிவு சொல்கிறது. முதலாவது கார் கம்பெனிக்கும் இரண்டாவது ஆடியோ கம்பெனிக்கும் பொருந்தும். யார் யாருக்குப் பணம் தர வேண்டும் என்பதை அவர்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும். 2021-ல் செவர்லே போல்ட் கார்களில் தீப்பிடிக்கும் அபாயம் வந்தபோது, கோளாறு எல்.ஜி. செய்த பேட்டரி செல்களில் இருந்தது. ஆனாலும் கார்களைத் திரும்ப அழைத்தது ஜெனரல் மோட்டார்ஸ்தான். செலவில் சுமார் 190 கோடி டாலரை அந்த நிறுவனம் பிறகு எல்.ஜி.யிடம் வாங்கிக்கொண்டது. கார் வாங்கியவர்களை எல்.ஜி.யிடம் போகச் சொல்லவில்லை.

ஆனால் முதலில் உங்கள் பில்லை எடுத்துப் பாருங்கள். திரை காரின் விலைக்குள் அடங்கியதா, அல்லது ஷோரூமில் தனி ஆக்சசரி பில் போட்டு மாட்டியதா? தனி பில் என்றால், காரின் வாரன்டி அதற்கு இல்லை என்ற வாதத்துக்குக் கொஞ்சம் பலம் உண்டு. கம்பெனியிலேயே பொருத்தி வந்தது என்றால் அந்த வாதம் நிற்பது கடினம். 82,000 ரூபாய்க்கான எஸ்டிமேட்டை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதில் கார் கம்பெனியின் பார்ட் நம்பர் இருந்தால், அது காரின் பாகம் என்பதற்கு அவர்களே தந்த சாட்சி.

வாரன்டி ஒரு வருடம்தான் என்று வைத்துக்கொண்டாலும் நீங்கள் முதலில் விட்டது ஏழாவது மாதத்தில். வாரன்டிக்குள் சொன்ன குறையைச் சரிசெய்யாமல் இழுத்தடித்துவிட்டு, காலம் முடிந்தது என்று சொல்ல முடியாது. ஆகவே முதல் ஜாப் கார்டுதான் (சர்வீசுக்கு விடும்போது குறையை எழுதித் தரும் சீட்டு) உங்கள் வழக்கின் உயிர். காலவரம்பு இரண்டு ஆண்டு (69-வது பிரிவு). அந்த ஜாப் கார்டு தேதியிலிருந்தே கணக்கிட்டு, இன்னும் ஒரு வருடத்துக்குள் மனு உள்ளே போய்விட வேண்டும்.

இத்தகைய வழக்குகள் தோற்பது பெரும்பாலும் சட்டத்தால் அல்ல, ஜாப் கார்டில் எழுதப்படும் "குறை எதுவும் காணப்படவில்லை" என்ற ஒற்றை வரியால்தான். காலை ஒன்பது மணிக்குக் காரை விட்டால் திரை ஒழுங்காகவே ஓடும். வெயிலில் வரும் கோளாறை வெயிலில்தான் காட்ட வேண்டும். மதியம் கொண்டுபோங்கள், கண்ணாடியை ஏற்றி ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்துங்கள், பிறகு சர்வீஸ் அட்வைசரை உள்ளே உட்கார வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். லோகோ வந்து அணைவதை அவர் கையாலேயே ஜாப் கார்டில் எழுத வையுங்கள். பேட்டரி பலவீனம் என்று பின்னால் சொல்லாதபடி வோல்ட்டேஜையும் குறிக்கச் சொல்லுங்கள். எஞ்சின் ஓடாதபோது 12.4-க்கு மேலும், ஓடும்போது 14-ஐ ஒட்டியும் இருந்தால் பேட்டரியைக் குறை சொல்ல வழியில்லை. வெட்டு இல்லாத ஒரே வீடியோவாக எடுங்கள். அதில் ஓடோமீட்டர் தெரிய வேண்டும், போன் எதுவும் இணைக்கப்படவில்லை என்பதும் தெரிய வேண்டும். மூலக் கோப்பை அழிக்காதீர்கள். மனுவோடு சேர்க்கும்போது மின்னணுப் பதிவுகளுக்கு வேண்டிய பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றையும் இணையுங்கள். வண்டி எடுக்கும்போது "திருப்தி" என்று கையெழுத்துப் போடாதீர்கள், "குறை தீரவில்லை" என்று எழுதிப் போடுங்கள்.

உப்புக்காற்று வாதத்துக்கு, அரிப்பு எங்கே என்று காட்டும் போர்டின் புகைப்படத்தையும் டெக்னீஷியன் அறிக்கையையும் கேளுங்கள். குளச்சலிலும் தேங்காப்பட்டணத்திலும் ஓடும் என்று தெரிந்தே விற்ற கார், கடற்காற்றைத் தாங்கத்தான் வேண்டும். தேவைப்பட்டால் நுகர்வோர் சட்டத்தின் 38(2)(c) பிரிவின்படி ஆய்வகச் சோதனைக்கு அனுப்பச் சொல்லி மனு போடலாம். அதனால் கழற்றிய யூனிட்டைத் திருப்பி அனுப்ப விடாதீர்கள். அது போனால் சோதிக்க ஒன்றும் இருக்காது. நீங்களும் வெளியே ஆம்பிளிஃபயர் மாட்ட ஒயரை வெட்டியிருக்கக் கூடாது. கப்ளர் (ஒயர்களை இணைக்கும் பிளக்) வழியாக அல்லாமல் ஒரு ஒயரை அறுத்திருந்தால்கூட அதையே காரணமாக்குவார்கள்.

காரையே மாற்றக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மாருதி உத்யோக் வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம், குறையுள்ள பாகத்தை மாற்றுவதுதான் வாரன்டிப் பொறுப்பு, முழுக் காரையும் மாற்றத் தேவையில்லை என்றது. அதைக் கேட்டால் உங்கள் நியாயமான கோரிக்கையும் வலுவிழக்கும். புதிய யூனிட், அதற்குப் புதிதாக ஒரு வாரன்டி, அலைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு என்று கேளுங்கள். மனுவை "பொருளில் குறை, சேவைக் குறைபாடு" என்றே போடுங்கள். பொருள் பொறுப்பு (குறையுள்ள பொருளால் நேர்ந்த தீங்குக்கு இழப்பீடு) அத்தியாயத்தின்கீழ் போட வேண்டாம், பொருளுக்கே நேரும் சேதம் அதில் அடங்காது என்று 2(22) பிரிவு விலக்கி வைத்திருக்கிறது. திரை அணைந்து ரிவர்ஸில் எங்காவது இடித்துக் காயமோ வேறு சேதமோ ஏற்பட்டிருந்தால் கதை வேறு.

ஷோரூம், கார் கம்பெனி, ஆடியோ கம்பெனி மூவரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். டீலர் தனியாகச் செய்த தவறுக்குக் கம்பெனி தானாகவே பொறுப்பாகாது என்று 2021-ல் டாட்டா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒருவரை விட்டால் பழி அந்த விடுபட்டவர் தலையில் போய் விழும். 15 நாள் அவகாசம் கொடுத்து மூவருக்கும் நோட்டீஸ் அனுப்புங்கள். கட்டாயமில்லை, ஆனாலும் பதிலில் ஒருவரை ஒருவர் கைகாட்டினால் அதுவே உங்களுக்கு ஆதாரம். மனுவுக்கான கட்டணம் காருக்கு நீங்கள் கொடுத்த விலையை வைத்து, 10 முதல் 20 லட்சம் வரை 400 ரூபாய். தனி ஆக்சசரி பில் மட்டும் பிரச்சினை என்றால் 5 லட்சத்துக்குள் கட்டணமே இல்லை. நுகர்வோர் ஆணையங்களின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம்.

கேமரா இல்லாமல் ஓட்ட முடியாத நிலை என்றால் 82,000-ஐக் கட்டி மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று பணம் கட்டும் முன்பே மின்னஞ்சலில் எழுதிவிட்டு, பழைய யூனிட்டை ரசீதோடு கையில் வாங்கி வீட்டில் வையுங்கள்.