கொள்முதல் அதிகாரம் யார் கையில்?

கேள்வி: வளரும் நாடு ஒன்றில் அரசுக் கொள்முதலை மாவட்டங்களுக்கும் அலுவலகங்களுக்கும் பிரித்துக் கொடுத்தால், தலைநகரில் ஒரே இடத்தில் இருக்கும் ஊழல் நூறு இடங்களுக்குப் பரவும் என்பதைத் தவிர வேறென்ன நடந்துவிடும்?

பதில்: உங்கள் அச்சம் நியாயமானதுதான். ஆனால் லஞ்சம் ஒன்றையே இழப்பாகக் கணக்கிடுகிறீர்கள். கேட்காத மருந்து வந்து கிடங்கில் காலாவதியாவதும், பழுதான கருவிக்கு ஓர் உதிரிபாகம் வாங்கத் தலைநகரின் ஒப்புதலுக்காக மாதக்கணக்கில் காத்திருப்பதும், பில் தொகை எப்படியும் தாமதமாகும் என்றறிந்த வியாபாரி அந்தத் தாமதத்தையும் சேர்த்தே விலை சொல்வதும் பொதுப்பணம் வீணாகும் வழிகளே. இவற்றில் எவரும் கைநீட்டிக் காசு வாங்கியிருக்க வேண்டியதில்லை என்பதால், எந்த விசாரணையும் இவற்றைத் தொடுவதில்லை.

பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் 2014 முதல் 2016 வரை நடந்த கள ஆய்வை நீங்கள் கவனிக்க வேண்டும். பேனா, தாள் போன்ற சாதாரணப் பொருள்களை வாங்கும் அலுவலர்களில் ஒரு பகுதியினருக்குக் கூடுதல் ரொக்கத்தைத் தாமே செலவிடும் உரிமை தரப்பட்டது. பில்லுக்கு ஒப்புதல் தரும் கணக்குத் துறை அவர்களிடம் கேட்கக்கூடிய ஆவணங்களுக்கும் வரையறை விதிக்கப்பட்டது. தரம் குறையாமலேயே அவர்கள் வாங்கிய விலை ஏறத்தாழ 9 சதவீதம் இறங்கியது. கட்டுப்பாட்டைத் தளர்த்தாமல் ஊக்கத்தொகை மட்டும் அறிவிக்கப்பட்டவர்களிடம் இந்த அளவுக்குப் பலன் இல்லை. இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. கணக்குத் துறை ஒப்புதலை ஆண்டிறுதிவரை இழுத்தடித்த இடங்களில்தான் அதிகாரப் பகிர்வு பெரிதும் உதவியது. அத்துறை ஒழுங்காக நடந்துகொண்ட இடங்களில் உதவி குறைவு. ஆகவே, வாங்குபவரை மட்டும் சந்தேகித்துவிட்டு, அவரைக் கண்காணிப்பவர் நேர்மையானவர் என்று முன்கூட்டியே முடிவுசெய்வது பொருந்தாது.

எல்லாவற்றையும் பிரித்துக் கொடுக்கச் சொல்லவில்லை. தடுப்பூசி, பொதுவான மருந்துகள் போல எங்கும் ஒரே தரத்தில் வேண்டியவற்றை மொத்தமாகப் பேரம் பேசினால்தான் விலை படியும். கென்யா 2013-இல் மருத்துவச் சேவையை 47 கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) அரசுகளிடம் ஒப்படைத்தபோது தேசிய மருந்து வழங்கல் நிறுவனத்தை மூடிவிடவில்லை. கவுண்டிகள் தமக்கு வேண்டியதைத் தாமே தீர்மானித்து அதனிடம் பணம் கொடுத்து வாங்கின. எது, எவ்வளவு, எப்போது என்பதைத் தேவையுள்ள இடமே முடிவுசெய்ய, விலையை மட்டும் மையம் பேசும் இந்தப் பிரிவினை எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் கவுண்டிகள் நிலுவை வைத்தபோது, அந்த நிறுவனத்தின் வழங்கலே தடுமாறியது. அதிகாரத்தோடு நிதியும் உரிய நேரத்தில் போய்ச்சேராவிட்டால் பரவலாக்கம் வெறும் அரசாணையாகவே நின்றுவிடும்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. ஒவ்வோர் அலுவலகமும் எந்தப் பொருளை யாரிடம் என்ன விலைக்கு வாங்கியது என்ற பட்டியலை அரசு வெளியிட வேண்டும். அதே நாற்காலிக்குப் பக்கத்து மாவட்டம் கொடுத்த விலை தெரிந்தால்தான் உள்ளூர் மக்கள் தங்கள் அதிகாரியைக் கேட்க முடியும். அந்தப் பட்டியலை மூடிவைத்துக்கொண்டு அதிகாரத்தை மட்டும் பகிர்ந்தளிக்கும் அரசு எதுவாக இருந்தாலும், அதைப் பற்றிய உங்கள் அச்சத்தில் நானும் பங்குகொள்கிறேன்.