சாவிக்கொத்தும் ஸ்காட்லாந்துக் குரலும்
(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: அக்கா, 'டவுன்டன் ஆபி' தொடரை இப்போதுதான் பார்த்து முடித்தேன். ஹவுஸ்கீப்பராக வரும் மிஸஸ் ஹியூஸ் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறார். அந்த நடிகை யார்? மற்றவர்கள் பேசும் ஆங்கிலம் மாதிரி அவர் பேசுவது இல்லையே?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இந்தக் கேள்வி வராதா என்று எத்தனை நாள் காத்திருந்தேன்! அவர் பெயர் ஃபிலிஸ் லோகன். ஸ்காட்லாந்துக்காரர். கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் இருக்கும் பெய்ஸ்லி என்ற ஊரில் 1956 ஜனவரியில் பிறந்தார். வளர்ந்தது அடுத்த ஊரான ஜான்ஸ்டனில். மூன்று பிள்ளைகளில் கடைசி. அப்பா ரோல்ஸ் ராய்ஸில் பொறியாளர், தொழிற்சங்கக் கிளைக்கும் தலைவர்.

பெய்ஸ்லி என்ற பெயரை நீங்கள் கேள்விப்படாவிட்டாலும் அந்த ஊர் உங்கள் பீரோவுக்குள் இருக்கிறது. நம் பட்டுப்புடவை பார்டரில் வரும் மாங்காய் டிசைனுக்கு ஆங்கிலத்தில் 'பெய்ஸ்லி' என்றுதான் பெயர். காஷ்மீர் சால்வையில் இருந்த அந்த மாங்காயைப் பார்த்து 19ஆம் நூற்றாண்டில் பெய்ஸ்லி நெசவாளர்கள் சால்வைகளாக நெய்து குவித்தார்கள். டிசைனுக்கு ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது.

நீங்கள் கவனித்த அந்த வித்தியாசம், 'ர' உருண்டு வரும் அவருடைய சொந்த மண்ணின் பேச்சு. கதை நடப்பது இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில். அங்கே ஒரு பிரபுவின் மாளிகை. மாடியில் இருப்பவர்கள் பிரபுக்களின் ஆங்கிலம் பேச, கீழே வேலையாட்கள் பகுதியில் இந்த அம்மாள் மட்டும் ஸ்காட்லாந்துக் குரலில் வேலைக்காரப் பெண்களை விரட்டுகிறார், தேற்றவும் செய்கிறார். அதே நடிகை முன்பு நேர்மாறான வேடத்தில் பேர் வாங்கியவர் என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1986ல் பிபிசியில் தொடங்கிய 'லவ்ஜாய்' தொடரில் அவர் லேடி ஜேன். பழம்பொருள் வியாபாரியாக இயன் மெக்‌ஷேன் நடிக்க, அவனுக்கு உதவும் பெரிய வீட்டுச் சீமாட்டியாக இவர். பேச்சில் ஸ்காட்லாந்தின் வாடையே இருக்காது. இரண்டு தொடர்களிலும் ஆளுக்கொரு காட்சியை அடுத்தடுத்துப் பாருங்கள். குரல், நடை, கையை வைத்துக்கொள்ளும் விதம் எல்லாமே வேறாக இருக்கும்.

கேள்வி: டவுன்டன் ஆபிக்கு முன்னால் சின்னச் சின்ன வேடங்களில்தான் இருந்தாரா? ஐம்பது வயதுக்கு மேல்தான் வாய்ப்பு வந்ததா?
– வாசகர், ஓசூர்

பதில்: இல்லை. உலகம் முழுக்கத் தெரிய வந்தது 54 வயதில், 2010ல். ஆனால் கிளாஸ்கோவில் அப்போது ராயல் ஸ்காட்டிஷ் இசை, நாடக அகாதமி என்ற பெயரில் இருந்த கல்லூரியில் நடிப்புப் படித்து, 1977ல் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தவர். அப்புறம் டண்டீ, எடின்பரோ என்று நாடகக் கம்பெனி வாழ்க்கை.

27 வயதில் ஒரு படம் வந்தது. 'அனதர் டைம், அனதர் ப்ளேஸ்', இயக்கியவர் மைக்கேல் ராட்ஃபோர்ட், வருடம் 1983. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், வட ஸ்காட்லாந்தின் பண்ணை ஒன்றுக்கு இத்தாலியப் போர்க்கைதிகளை வேலைக்கு அனுப்புகிறார்கள். அந்தப் பண்ணையில் வாழ்க்கைப்பட்டிருக்கும் இளம்பெண் ஜேனி. பேச்சே இல்லாத புருஷன், சேறு, குளிர். நேப்பிள்ஸ்காரன் ஒருவன் மேல் அவளுக்கு மனம் போகிறது. பிறகு செய்யாத குற்றத்துக்கு அவன் மாட்டிக்கொள்கிறான். அவனைக் காப்பாற்ற வேண்டுமென்றால் தன் உறவை ஊரறிய இவளே சொல்ல வேண்டும். ஜேனிக்கு வசனம் குறைவு. வயலில் குனிந்து வேலை செய்துகொண்டே நிமிர்ந்து பார்க்கும் அந்தப் பார்வையில்தான் முழுப் படமும் நிற்கிறது. அதற்காகத்தான் பிரிட்டிஷ் திரைப்பட அகாதமியான பாஃப்டா அவருக்குப் புதுமுக விருது கொடுத்தது.

1996ல் இயக்குநர் மைக் லீயின் 'சீக்ரெட்ஸ் அண்ட் லைஸ்', கான் திரைப்பட விழாவின் உச்ச விருதான தங்கப்பனையை வாங்கிய படம். எழுதி வைத்த வசனம் இல்லாமல், மாதக்கணக்கில் நடிகர்களோடு ஒத்திகை பார்த்தே கதையை வளர்ப்பது மைக் லீயின் வழக்கம். அதில் லோகன் மோனிகா என்ற பெண். புது வீட்டின் ஒவ்வொரு அறையையும் வருகிறவர்களுக்குத் திறந்து காட்டுவாள். பெருமைக்காரி என்று நாம் எரிச்சல்படுவோம். அவளுக்குக் குழந்தை பிறக்காது என்பது கடைசியில் தெரியும்போது, அந்தக் காலி அறைகளை நினைத்து எனக்குத் தொண்டை அடைத்தது.

கேள்வி: கடைசி சீசன் வரை ஹியூஸுக்குக் கல்யாணமே ஆகவில்லை. பிறகு ஏன் 'மிஸஸ்'?
– வாசகி, சிவகாசி

பதில்: அந்தக் காலத்து இங்கிலாந்தின் பெரிய வீடுகளில் ஹவுஸ்கீப்பருக்கும் சமையல்காரம்மாவுக்கும் மரியாதைக்காக 'மிஸஸ்' போடுவார்கள். கல்யாணத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பெண் வேலையாட்கள் அத்தனை பேரும் ஹவுஸ்கீப்பர் பொறுப்பு. துணி, பீங்கான், மளிகை எல்லாவற்றின் சாவியும் அவர் இடுப்பில். முதல் சீசனில் மளிகை அறைச் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று சமையல்காரம்மா மிஸஸ் பாட்மோர் பொருமுவாரே, அது அதிகாரச் சண்டை. என் பெரியத்தை இடுப்பிலும் ஒரு சாவிக்கொத்து இருந்தது. அவர் வருகிறார் என்பது அந்தச் சத்தத்தில்தான் எங்களுக்குத் தெரியும். லோகன் நடந்து வரும்போதெல்லாம் எனக்கு அத்தை ஞாபகம்தான்.

கேள்வி: டவுன்டனில் பட்லர் கார்ஸனாக நடித்தவர்தான் அவருடைய நிஜக் கணவரா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: இல்லை, கார்ஸன் ஜிம் கார்ட்டர். லோகனின் கணவர் கெவின் மெக்னலி, 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' படங்களில் கிப்ஸாக வருபவர். அவரும் டவுன்டனில் இருக்கிறார். எதெல் என்ற வேலைக்காரப் பெண்ணின் குழந்தைக்குத் தாத்தாவாக வந்து சாப்பாட்டு மேஜையில் கத்துவாரே மிஸ்டர் பிரையன்ட், அவரேதான். எதெலை வேலையை விட்டு அனுப்பியதும் ஹியூஸ்தான், அப்புறம் யாருக்கும் தெரியாமல் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்ததும் ஹியூஸ்தான்.

கேள்வி: லோகன் இலங்கையில் நடித்ததாகச் சொல்கிறார்களே, உண்மையா?
– வாசகி, கண்டி

பதில்: உண்மைதான். 2017ல் வந்த 'தி குட் கர்மா ஹாஸ்பிட்டல்' தொடர். கதை நடக்கும் இடம் கேரளக் கடற்கரை என்று சொல்லிக்கொண்டாலும், படம் பிடித்தது இலங்கையின் காலி நகருக்குப் பக்கத்தில் உனவட்டுனவில். மகள் கல்யாணத்துக்கு வந்த இடத்தில் உடம்புக்கு முடியாமல் போய், ஊர் திரும்ப மனமில்லாமல் தங்கிவிடும் மேகி என்ற பெண் வேடம். கணவராக பிலிப் ஜாக்சன். அவர்கள் இருவரும் வரும் காட்சிகளுக்காகவே பார்க்கலாம்.

கேள்வி: அக்காவுக்கு மிகவும் பிடித்த காட்சி எது?
– வாசகி, கும்பகோணம் (முதல் கேள்வி கேட்டவரேதான்)

பதில்: மூன்றாம் சீசனில் ஹியூஸின் மார்பில் ஒரு கட்டி. மிஸஸ் பாட்மோரை மட்டும் துணைக்கு அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போகிறார். முடிவு தெரியும்வரை யாரிடமும் சொல்லாமல் வேலை செய்துகொண்டே இருக்கிறார். 2014ல் எனக்கும் அப்படி ஒரு கட்டி. சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு ஒன்பது நாள் காத்திருந்தேன். மாமியாருக்குக் கூடத் தெரியாது. சாம்பார் கொதிக்கும்போது அடுப்படியில் நின்றபடியே போனில் அந்த எபிசோடைப் பார்த்தேன். லோகன் அழவில்லை. கேட்பவர்களுக்கு வழக்கம்போல் பதில் சொல்லிவிட்டு, அவர்கள் போனதும் ஒரு நொடி சுவரைப் பார்ப்பார். அந்த ஒன்பது நாளும் நான் செய்தது அதேதான். நடிப்பென்று தோன்றவே இல்லை.

ஹியூஸுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் கார்ஸன் வெள்ளிப் பாத்திரம் துடைத்துக்கொண்டே பாடுவார். ஹியூஸ் வாசலில் நின்று, அவருக்குத் தெரியாமல் கேட்டுக்கொண்டு சிரிப்பார். எனக்கும் ஒன்றுமில்லை என்றுதான் வந்தது. அன்றைக்கு ராத்திரி அந்த ஒரு காட்சியை மட்டும் நாலைந்து தடவை போட்டுப் பார்த்தேன்.