பட்டாளத்திலிருந்து கொருக்குப்பேட்டைக்கு

அன்புள்ள ஐயா,

கொரியப் போரில் பணியாற்றிய ராணுவ மருத்துவர் ஏ.ஜி. ரங்கராஜ் குறித்து நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். என் அப்பாவும் ராணுவ மருத்துவப் படையில் இருந்தவர். டாக்டர் இல்லை, நர்சிங் அசிஸ்டென்ட். 1957இல் சேர்ந்து லக்னோவில் பயிற்சி பெற்றார். 1965 போரின்போது பஞ்சாப் எல்லையில் இருந்தார். 1967இல் ஊர் திரும்பி, சென்னை மாநகராட்சி சுகாதாரத் துறையில் அம்மை குத்தும் வேலையில் சேர்ந்தார். 1995இல் ஓய்வு பெற்றார். சென்ற ஆண்டு காலமானார்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் ‘முன்னாள் ராணுவ வீரர்’ என்று போடச் சொன்னேன். “காயத்துக்குக் கட்டுப் போட்டவர்தானே, துப்பாக்கியா பிடித்தார்?” என்று கேட்டார் பெரியப்பா மகன். கடைசியில் ‘ஓய்வு பெற்ற மாநகராட்சி ஊழியர்’ என்றுதான் அச்சடித்தார்கள்.

அவருடைய டிரங்குப் பெட்டியில் டிஸ்சார்ஜ் புத்தகமும், நுனி இரண்டாகப் பிளந்த ஊசி ஒன்றும், ஒரு நீள நோட்டும் இருக்கின்றன. நோட்டில் தெருவாரியாக வீட்டு எண்கள். ஓரிடத்தில் ‘மூன்று குழந்தைகள். கூழ் ஊற்றிய பிறகு வரச் சொல்கிறார்கள்’ என்று எழுதியிருக்கிறார். அதன் கீழே இரண்டு வாரம் கழித்து ஒரு தேதி, ‘மூவருக்கும் குத்தியாயிற்று’. இப்போது வீடு மாற்றுகிறோம். இவற்றை வைத்திருப்பதில் பொருள் உண்டா? அப்பாவைப் படைவீரர் என்று சொல்லலாமா? அவருடன் வேலை செய்த இருவர் தண்டையார்பேட்டையில் இருக்கிறார்கள். அவர்களிடம் இதையெல்லாம் எப்படிக் கேட்பது என்றுகூடத் தெரியவில்லை.

ப., கொருக்குப்பேட்டை

அன்புள்ள ப.,

உங்கள் அப்பா படைவீரர்தான். இதில் விவாதத்துக்கு இடமே இல்லை. போஸ்டர் விஷயத்தைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. உங்கள் அண்ணன் மீது இல்லை. அவர் அப்படிக் கேட்கும்படி நாம் எல்லோரும் போரைப் பற்றிப் பேசிப் பழகிவிட்டோம்.

அடிபட்ட சிப்பாயை முதலில் தொடுபவர் நர்சிங் அசிஸ்டென்ட்தான். ரத்தத்தை நிறுத்தி, எலும்பு முறிந்த காலுக்குச் சிம்பு வைத்துக் கட்டி, யாரை முதலில் பின்னால் அனுப்புவது என்று பார்க்கும் இடம் சண்டை நடக்கும் வரிசைக்கு மிக அருகில் இருக்கும். கையில் செஞ்சிலுவைப் பட்டை உண்டு. பீரங்கிக் குண்டு அதைப் பார்த்து விலகிப் போகாது.

ரங்கராஜ் தலைமையேற்ற 60ஆவது பாராசூட் களமருத்துவப் பிரிவு 1950 நவம்பரில் கொரியாவுக்குப் போனது. சில வாரங்களிலேயே பியோங்யாங்கிலிருந்து பின்வாங்க வேண்டிய நிலை. மருத்துவச் சாமான்களை ஏற்ற வண்டி இல்லை, விட்டுப்போகவும் மனமில்லை. கைவிடப்பட்ட ஒரு நீராவி எஞ்சினைத் தேடிப் பிடித்தார்கள். வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் கைமாற்றி அதன் கொதிகலனை நிரப்பினார்கள். தாங்களே ரயிலை ஓட்டிக்கொண்டு, பாலம் தகர்க்கப்படுவதற்குள் ஆற்றைக் கடந்தார்கள். அடுத்த மார்ச்சில், அமெரிக்க வான்குடைப் படையோடு சேர்ந்து முன்சானில் அவருடைய ஆட்கள் 12 பேர் குதித்தார்கள். இதற்கெல்லாம் அவருக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. அது போர்க்களத் தீரத்துக்கு நம் நாடு தரும் இரண்டாவது உயரிய விருது. மருத்துவருக்கு அதைக் கொடுத்த ராணுவத்துக்கு, யார் படைவீரர் என்பதில் எந்தக் குழப்பமும் இருக்கவில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு எனக்குப் பெரிதாகத் தெரிவது ரங்கராஜின் பிற்கால வாழ்க்கை. என் கட்டுரையில் அதை இரண்டு வரிகளில் முடித்திருந்தேன். ராணுவத்தை விட்ட பின் உலக சுகாதார நிறுவனத்துக்காக அவர் ஆப்கானிஸ்தானில் பெரியம்மை ஒழிப்பில் இறங்கினார். சாலையே இல்லாத மலைக்கிராமங்கள். அங்கே நோயாளியின் அம்மைப் பொருக்கை எடுத்து மற்றவர் தோலில் ஏற்றும் பழைய முறை இன்னும் இருந்தது. அதைச் செய்துவந்த ஊர் வைத்தியர்களைத் தேடிப்பிடிப்பதும் வேலையின் பகுதியாக இருந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் உங்கள் அப்பா கேப்டன் காட்டன் கால்வாய் ஓரத்துக் குடிசைகளில் குனிந்து நுழைந்துகொண்டிருந்தார். ஒருவர் கர்னல், மற்றவர் நர்சிங் அசிஸ்டென்ட். செய்தது ஒரே வேலை.

அந்த ஊசியைப் பற்றிக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. நானே சொல்கிறேன். அதற்கு முன் நம் நாட்டில் அம்மை குத்த, பல் வைத்த சிறு வட்டத்தைத் தோலில் வைத்துத் திருகும் கருவிதான் இருந்தது. வலிக்கும், புண்ணாகும், பெரிய தழும்பு விழும். அதைக் கண்டதும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் பின்வாசல் வழியாகப் போனதில் வியப்பில்லை. 1960களின் இறுதியில் இந்தக் கவட்டை ஊசி வந்தது. மருந்துக் குப்பியில் தோய்த்தால் இரண்டு முனைகளுக்கும் நடுவில் ஒரே ஒரு துளி தங்கும். தோள்பட்டையில் ஒரு சிறு வட்டத்துக்குள் விடுவிடுவென்று 15 முறை குத்த வேண்டும். ரத்தம் லேசாகக் கசிந்தால் போதும். மருந்து கால்பங்குதான் செலவாகும். கொதிநீரில் போட்டெடுத்து மறுபடி பயன்படுத்தலாம். ஒரு வாரம் கழித்துப் போய், கொப்புளம் கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் நோட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு தேதிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் இரண்டாவது அந்தச் சோதனைக்கானதாகத்தான் இருக்கும்.

‘கூழ் ஊற்றிய பிறகு வரச் சொல்கிறார்கள்’ என்ற வரியை நான் பலமுறை படித்தேன். பெரியம்மை, தடுப்பூசி போடாமல் அது கண்டவர்களில் 10 பேருக்கு 3 பேரைக் கொன்ற நோய். பிழைத்தவர்களில் சிலருக்குக் கண் போனது. தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையில் டாக்டர் ஏ. ராமச்சந்திர ராவ் 1960களில் ஏறத்தாழ 7,000 பெரியம்மை நோயாளிகளைக் கவனித்துப் பதிவு செய்தார். உலகம் முழுக்க மருத்துவர்கள் எடுத்துப் படித்த பதிவுகள் அவை. இத்தனை பேர் வந்து படுத்த ஆஸ்பத்திரி உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இன்னும் எத்தனையோ பேர் அங்கே வராமல் வீட்டிலேயே கிடந்தார்கள். ஆத்தாள் வந்து இறங்கியிருக்கிறாள், ஊசி போட்டால் கோபித்துக்கொள்வாள் என்பது மக்களின் உள்ளார்ந்த நம்பிக்கை. வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் தெருவே ஒதுங்கிப் போகும். அம்மை குத்துபவர் மட்டும் அந்த வாசலைத் தேடிப் போக வேண்டும்.

உங்கள் அப்பா அந்த வீட்டில் அதட்டவில்லை, போலீசைக் கூட்டிவரவும் இல்லை. ஆடிக்கூழ் முடியட்டும் என்று காத்திருந்து திரும்பிப் போனார். மறுத்தவர்களைப் பட்டியலிட்டதோடு கடமை முடிந்தது என்று அவர் இருந்திருந்தால் யாரும் அவரைக் கேள்வி கேட்டிருக்கப் போவதில்லை. 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை நின்றது. 1980இல் உலகிலேயே ஒழிந்ததாக அறிவித்தார்கள். அந்த மூன்று குழந்தைகளுக்கும் இப்போது 50 வயதுக்கு மேல் இருக்கும். கொருக்குப்பேட்டையிலேயேகூட இருக்கலாம்.

இன்னொன்று. 1992 இறுதியில் சென்னையில் காலராவின் புதிய வகை ஒன்று தலைகாட்டியது. ஓ139 என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பழைய காலராவுக்கு ஈடுகொடுத்துப் பழகிய பெரியவர்களையே அது அதிகமாகச் சாய்த்தது. அப்போது உங்கள் அப்பா பணியில் இருந்தார். தண்ணீரில் குளோரின் எவ்வளவு கலப்பது, கழிப்பிடத்தைக் கிணற்றிலிருந்து எங்கே தள்ளி வைப்பது என்பதெல்லாம் ராணுவம் முகாம்களில் கற்றுத்தரும் பால பாடம். அந்த மாதங்களில் அவர் எந்தத் தெருக்களில் இருந்தார் என்பது நோட்டில் இல்லாவிட்டால், அந்த இருவருக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

எனவே எதையும் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தை நகலெடுத்து, அசலைப் பத்திரப்படுத்துங்கள். நோட்டின் எல்லாப் பக்கங்களையும், வெற்றுப் பக்கங்கள் உட்பட, பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். பிறகு நோட்டோடு தண்டையார்பேட்டைக்குப் போங்கள். பொதுவாக “அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டால் பெரியவர்கள் “நல்ல மனுஷன்” என்று சொல்லி முடித்துவிடுவார்கள். நோட்டைப் பிரித்து ஒரு தெருவின் பெயரைக் காட்டி, “இங்கே காலையில் எத்தனை மணிக்குப் போவீர்கள், மருந்தை எதில் எடுத்துப்போவீர்கள், யார் விரட்டினார்கள்?” என்று கேளுங்கள். பேச்சு தானாக வரும். அவர்கள் அனுமதியோடு பதிவுசெய்து எனக்கு அனுப்புங்கள், இந்தத் தளத்திலேயே வெளியிடுகிறேன். முதலாண்டு நினைவு நாளுக்குப் போஸ்டர் அடிப்பதாக இருந்தால், ‘ராணுவ மருத்துவப் படை, 1957–1967’ என்று முதல் வரியிலும், ‘மாநகராட்சி சுகாதாரத் துறை, 1967–1995’ என்று அடுத்த வரியிலும் போடச் சொல்லுங்கள், இரண்டும் ஒரே அளவு எழுத்தில்.

அன்புடன்.