படப் பலகை கொடுத்தால் பிள்ளை பேச மாட்டானா?

மூளை முடக்குவாதம் உள்ள ஆறு வயது மகனுக்கு, படத்தைத் தொட்டு வேண்டியதைச் சொல்ல உதவும் படப் பலகை கொடுத்தால், வருகிற ஒன்றிரண்டு சொல்லும் நின்றுபோகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகாது. 2006-இல் மில்லர், லைட், ஷ்லாசர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இப்படிப் பேச்சுக்குத் துணையாகும் வழிகளைப் பற்றிய பழைய ஆய்வுகளைச் சலித்துப் பார்த்தார்கள். நம்பத்தக்கதாகத் தேறிய ஆய்வுகளில் இருந்த 27 பேரில் ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை. 89 சதவீதத்தினருக்குக் கூடியிருந்தது. கொஞ்சம்தான், ஆனாலும் கூடியது.

சரி, வீட்டில் எப்படி? தோசை, சட்னி, 'போதும்' என்று மூன்று படத்தில் தொடங்குங்கள். 'போதும்' கட்டாயம் வேண்டும்; மறுக்க வழியில்லாத பிள்ளை தட்டைத்தான் தள்ளிவிடும். நீங்களும் படத்தைத் தொட்டுக்கொண்டே பேசுங்கள். அப்புறம் வாயை மூடிக்கொண்டு பத்து எண்ணுங்கள். நம் வீடுகளில் இதுதான் கஷ்டம், பாட்டி முந்திக்கொண்டு ஊட்டிவிடுவார். கை ஒத்துழைக்காவிட்டால் கண்ணால் காட்டவும் பழக்கலாம். சென்னை கோட்டூர்புரத்திலுள்ள வித்யாசாகர் என்ற தொண்டு நிறுவனத்திலோ முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்காக உள்ள மத்திய அரசு நிறுவனத்திலோ விசாரியுங்கள்.