டோக்கியோ இசகாயாவில் (ஜப்பானிய மது விடுதி) கேட்காத தின்பண்டக் கிண்ணத்துக்கும் பில் போடுகிறார்களே, ஏன்?

அதன் பெயர் ஓதோஷி. ஒசாகா பக்கம் ட்சுகிதாஷி. உட்கார்ந்ததும் தானாக வரும் சின்னக் கிண்ணம். இருக்கைக் கட்டணம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்: பெரும்பாலும் ஆளுக்கு 300 முதல் 500 யென். ஏமாற்று வேலை இல்லை. டிப்ஸ் வைக்கும் வழக்கமே அங்கு கிடையாது என்பதையும் கணக்கில் சேருங்கள். வேண்டாம் என்றால் உட்காரும்போதே சொல்லிப் பார்க்கலாம். எல்லாக் கடையும் ஒப்புக்கொள்ளாது.

பில் உண்மையில் எகிறுவது நோமிஹோதாயில், அதாவது ஒரே விலைக்கு அளவில்லாமல் குடிப்பதில். நேரம் 90 நிமிடமோ 2 மணி நேரமோதான். கடைசி ஆர்டரை முடிவதற்குச் சுமார் 30 நிமிடம் முன்பே வாங்கிவிடுவார்கள். மேசையில் ஒருவர் எடுத்தால் எல்லோரும் எடுக்க வேண்டும் என்பதே பொதுவான விதி. குடிக்காதவர் கூட இருந்தால் பானங்களைத் தனித்தனியாக ஆர்டர் செய்வதே லாபம்.

முதலில் பானம், பிறகு உணவு. பணியாளர் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மேசையில் அழைப்புப் பொத்தான் இல்லையென்றால் 'சுமிமாசேன்!' ('மன்னிக்கவும்!') என்று உரக்கக் கூப்பிடுங்கள், அது அங்கே மரியாதைக் குறைவல்ல.

சைவர்களுக்குச் சிரமம்தான். டோஃபு மேல்கூட மீன் சீவல் தூவியிருக்கும். உப்புப் போட்டு அவித்த எதாமாமேயை (பச்சை சோயாக் காய்) நம்பலாம்.

வெள்ளிக்கிழமை என்றால் கூட்டம் சேரும்முன், மாலை 6 மணிக்குள் போய்விடுங்கள்.