ஏற்றுமதிக்கு உரிமம் எப்போது தேவை? வேலூர் வட்டாரத் தொழில்முனைவோரின் கேள்விகளும் பதில்களும்

ஆம்பூரிலிருந்து, காலணி மேற்பாகம் தைக்கும் சிறு தொழிற்கூட உரிமையாளர்: ஐயா, இதுவரை பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் மட்டுமே செய்துவந்தோம். இப்போது இத்தாலியிலிருந்து நேரடியாக ஆர்டர் வந்திருக்கிறது. ஏற்றுமதி உரிமத்தை எங்கே பெற வேண்டும்?

பதில்: தங்கள் சரக்குக்கு உரிமம் தேவையில்லை. தேவைப்படுவது ஐ.இ.சி. எனப்படும் ஏற்றுமதியாளர் குறியீட்டு எண். வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககத்தின் இணையதளத்தில் 500 ரூபாய் செலுத்தி, தாங்களே அதைப் பெற்றுக்கொள்ளலாம். தங்கள் பான் எண்ணே அந்த எண்ணாகவும் அமையும். "லைசென்ஸ் எடுத்துத் தருகிறேன்" என்று ஆயிரக்கணக்கில் கேட்பவர்களிடம் பணத்தை இழக்க வேண்டாம். இந்த எண்ணுக்குக் காலவரையறை இல்லை. ஆனால் ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்தில், மாற்றம் ஏதும் இல்லாவிட்டாலும் விவரங்களை உறுதிசெய்ய வேண்டும். தவறினால் எண் முடக்கப்படும். சரக்கைத் துறைமுகத்துக்கு அனுப்பிய பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு.

அடுத்து, தங்கள் வங்கியின் ஏ.டி. கோடை, அதாவது அந்நியச் செலாவணியைக் கையாள அனுமதி பெற்ற வங்கிக்குரிய குறியீட்டு எண்ணை, சுங்கத்துறையில் பதிவு செய்யுங்கள். வரி செலுத்தாமல் அனுப்ப விரும்பினால் ஜி.எஸ்.டி. தளத்தில் உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்யுங்கள். தோல் ஏற்றுமதிக் கழகத்தின் உறுப்பினர் சான்று, வர்த்தகக் கொள்கையின் சலுகைகளைக் கோரும்போதுதான் தேவைப்படும்.

ஆரணியிலிருந்து, அரிசி ஆலை உரிமையாளர்: குறியீட்டு எண் வைத்திருந்தும், 2023-இல் எங்கள் பச்சரிசியை அனுப்ப முடியவில்லை, பக்கத்து ஆலையின் புழுங்கல் அரிசி மட்டும் போனது. இது எப்படி?

பதில்: குறியீட்டு எண் அனுப்புபவர் யார் என்பதை மட்டுமே காட்டும். சரக்கை அனுப்பலாமா என்பதை முடிவுசெய்வது, அதன் வகையைக் குறிக்கும் எட்டு இலக்க ஹெச்.எஸ். எண். ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே, தடையற்றது, கட்டுப்படுத்தப்பட்டது, தடைசெய்யப்பட்டது, குறிப்பிட்ட அரசு நிறுவனம் வழியாக மட்டும் அனுப்பத்தக்கது என்ற நிலைகளில் ஒன்று குறிக்கப்பட்டிருக்கும். இவற்றில் "கட்டுப்படுத்தப்பட்டது" என்ற நிலையில் உள்ள சரக்குக்கே உரிமம் கோர வேண்டும்.

2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி, அதாவது அப்போதைய 1006 30 90 என்ற எண்ணில் வந்த அரிசி, தடைசெய்யப்பட்ட நிலைக்கு மாற்றப்பட்டது. புழுங்கல் அரிசி 1006 30 10 என்ற வேறு எண்ணில் இருந்ததால் தப்பியது. ஆனாலும் அடுத்த மாதமே அதன்மீது 20 விழுக்காடு ஏற்றுமதி வரி விழுந்தது. வெள்ளை அரிசித் தடை 2024 செப்டம்பரில்தான் நீங்கியது. ஒரே வயலின் நெல்லாக இருந்தாலும், அவித்ததற்கும் அவிக்காததற்கும் சட்டம் வேறு. ஆகவே ஒப்பந்தம் போடும் நாளிலும், சரக்கு ஏற்றும் நாளிலும், அந்த எண்ணுக்குரிய அறிவிக்கையை இருமுறை பாருங்கள்.

இராணிப்பேட்டை சிப்காட்டிலிருந்து, இரசாயன வணிகர்: எகிப்தில் ஒருவர் டிரைஎத்தனோலமைன் கேட்கிறார். அழகுசாதனப் பொருளுக்கும் தோலுக்கும் பயன்படும் சாதாரணப் பொருள்தானே?

பதில்: இந்த அமர்வில் உண்மையிலேயே உரிமத்தைப் பற்றி யோசிக்க வேண்டியவர் தாங்கள்தான். டிரைஎத்தனோலமைன், இரசாயன ஆயுதத் தடை உடன்படிக்கையின் மூன்றாம் அட்டவணையில் உள்ளது. தயோனைல் குளோரைடும் அதே அட்டவணையைச் சேர்ந்ததுதான். அன்றாடத் தொழிலுக்கும் ஆயுதத்துக்கும் பயன்படக்கூடிய இத்தகைய பொருள்களையும் கருவிகளையும் தொழில்நுட்பங்களையும் நம் நாடு ஸ்கோமெட் என்ற பட்டியலில் வைத்துக் கண்காணிக்கிறது.

இங்கே வாங்குபவரின் நாடும் கணக்கில் வருகிறது. எகிப்து, வடகொரியா, தெற்கு சூடான் ஆகியவை அந்த உடன்படிக்கையில் கையெழுத்தே இடவில்லை. இஸ்ரேல் கையெழுத்திட்டும் உறுதிப்படுத்தவில்லை. உறுப்பு நாடல்லாத இடத்துக்கு அனுப்ப வேண்டுமானால், பொருள் எதற்குப் பயன்படும் என்று அந்நாட்டு அரசே தரும் இறுதிப் பயன்பாட்டுச் சான்று கட்டாயம். விண்ணப்பத்தைப் பல அமைச்சகங்கள் அடங்கிய குழு ஆராயும் என்பதால், அனுமதி கைக்கு வருவதற்கு முன் முன்பணம் வாங்கிக் கப்பல் தேதி கொடுப்பது விவேகமன்று. பட்டியலில் உள்ள தொழில்நுட்பத்தின் வரைபடத்தை மின்னஞ்சலில் அனுப்புவதும் ஏற்றுமதியே. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பேரணாம்பட்டிலிருந்து, தோல் பதனிடுபவர்: முடித்த தோலுக்கு அடையாறு ஆய்வு நிறுவனத்தின் சோதனைச் சான்று இன்னும் வேண்டுமா?

பதில்: வேண்டாம். மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கட்டாயச் சோதனையையும், குறிப்பிட்ட துறைமுகங்கள் வழியாகவே அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையையும் 2025 மே மாதத்தில் அரசு நீக்கியது. அதே ஆண்டு நிதிநிலை அறிக்கை கிரஸ்ட் தோலுக்கான (பதனிட்டு உலர்த்தி, இறுதி மெருகு பெறாத தோல்) 20 விழுக்காடு ஏற்றுமதி வரியை விலக்கியது. ஆனால் ஐரோப்பிய வாங்குநரின் சோதனை அப்படியே இருக்கிறது: உடலில் படும் தோல் பொருளில் ஆறு இணைதிறன் குரோமியம் என்ற நச்சுப்பொருள் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக் கூடாது. இது நம் அரசின் அனுமதியோடு தொடர்பில்லாதது. சரக்கு அங்கே இறங்கிய பின் மறுக்கப்பட்டால் நட்டம் தங்களுடையது.

குடியாத்தத்திலிருந்து, லுங்கி வியாபாரி: மலேசியாவுக்குச் சிறு பார்சல்களைத் தபாலில் அனுப்பவும் இவ்வளவும் தேவையா, ஐயா?

பதில்: விற்பனைக்காக அனுப்பினால் குறியீட்டு எண் தேவை, உரிமம் தேவையில்லை. அஞ்சல் துறையின் ஏற்றுமதி மையத் தளத்திலேயே தபால் ஏற்றுமதிப் பட்டியலைத் தாக்கல் செய்யலாம்.