பதில்: செம்புக் கம்பி மூணாவது வளைப்பில் விரிசல் விடுது

செம்புக் கம்பி மூணாவது வளைப்பிலேயே விரிசல் விடுது, கடைக்காரர் மட்டச் சரக்கைக் கொடுத்துட்டாரான்னு கேட்டிருந்தீங்க. கம்பி மட்டச் சரக்கு இல்லைங்க, கடைக்காரரை விட்டுடுங்க. முதல்ல இளக்கமா வளைஞ்சது, நிமிர்த்தி மறுபடி வளைச்சா விறைக்குதுன்னு எழுதியிருக்கீங்களே, காரணம் அதிலேயே இருக்கு. படிக அடுக்குக்குள்ள (அணுக்கள் வரிசையா அடுக்கியிருக்கும் அமைப்பு) இருக்கும் டிஸ்லொகேஷன் என்ற கோட்டுப் பிழைகள் நகர்ந்துதான் செம்பு வளையுது. வளைக்க வளைக்க அவை பெருகும். சதுர சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் அளவில் இருந்தது ஆயிரக்கணக்கான கோடியைத் தாண்டும். ஒன்றையொன்று மறிச்சு நகர முடியாமப் போகும், அதனாலதான் கம்பி விறைச்சு விரிசல் விடுது.

ஒவ்வொரு வளைப்புக்கு முன்னாலும் மங்கலாச் சிவக்கிற வரை (சுமார் 600 டிகிரி செல்சியஸ்) சூடாக்குங்க. பிழை குறைஞ்ச புதுப் படிகமணிகள் (உலோகத்துக்குள்ள இருக்கும் சின்னச் சின்னப் படிகங்கள்) உருவாகி கம்பி இளகிடும். தண்ணியில் முக்கலாம், எஃகு மாதிரி கெட்டிப்படாது. ஆனா கேஸைக் கூட்டிக் கரிச்சுவாலையில் (கேஸ் அதிகமா, ஆக்சிஜன் குறைவா எரியும் சுவாலை) காட்டாதீங்க. மின்கம்பிச் செம்பில் ஆக்சிஜன் கலந்திருக்கும். அந்தச் சுவாலையில் இருக்கும் ஹைட்ரஜன் செம்புக்குள்ள புகுந்தா, அந்த ஆக்சிஜனோடு சேர்ந்து உள்ளேயே நீராவி உண்டாகி வெடிப்பு விடும்.